கலக்க வைத்திருந்த தண்ணீர்

கொழுந்தன் டெர்வின் குடித்துவிட்டு வைத்த டீ டம்ளரை ஆக்சிலியா தனியே கழுவிக் கவிழ்த்தாள். விளிம்பு நசுங்கிய அந்த டம்ளர் அவனுக்கென்றே ஒதுக்கியது. அந்தமானின் மாயாபந்தரில், அந்த வீட்டின் சாதாரணக் காலைகளில் கடைசிக் காலை அது.

தொட்டிலில் கிடந்த இருபத்தொரு நாள் பிள்ளைக்கு வரும் ஞாயிறு ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாகத் தான் நிற்கட்டுமா என்று கேட்கத்தான் டெர்வின் வந்திருந்தான்.

"உம்ம கையில மெழுகுதிரியக் குடுத்தா, நீரு விடுற மூச்சுலயே தீப்புடிச்சிரும் கொழுந்தனாரே."

அவனும் சேர்ந்து சிரித்தான். சிரித்துவிட்டுத் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அரை மணி நேரத்தில் பிள்ளை பால் குடிக்க மறுத்தது. ஒன்பது மணிக்கு நகங்கள் நீலம் பாரித்தன. போர்ட் பிளேருக்குக் கொண்டுபோங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அவள் புருஷன் வியாகுலம் கடலில் இருந்தான். ஆம்புலன்சில் துணைக்கு ஏற டெர்வினை விட்டால் வேறு ஆள் இல்லை.

பாராடாங் ஜெட்டியில் ஆம்புலன்ஸ் நின்றது. வண்டிகளை ஏற்றிக் கடக்கும் ஃபெர்ரி அக்கரையில் இருந்தது.

"போட் ஆ ரஹா ஹை, தீதி" என்றான் டிரைவர். வருகிறது, வருகிறது என்றே நேரம் போயிற்று.

நர்ஸ் பிள்ளையின் மார்பில் இரண்டு விரல் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் ஆக்சிலியாவின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

செய்ய வேண்டியது என்னவென்று ஆக்சிலியாவுக்குத் தெரியும். ஆறு வருஷமாகக் கோவிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவள். சாகும் ஆபத்தில் சாமியாருக்குக் காத்திருக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், தண்ணீரும் வார்த்தையும் போதும் என்று எத்தனை பேரை ஒப்பிக்க வைத்திருக்கிறாள்.

கை எழவில்லை.

தண்ணீர் ஊற்றினால், பிள்ளை போகப்போகிறது என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

டெர்வின் இடுப்பிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். அவன் குனிந்தபோது வண்டி முழுக்கச் சாராய வாடை.

"பிள்ளைக்குப் பேரு என்ன மைனி?"

அவள் பிள்ளையின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் தன் அப்பாவின் பெயரையே வைத்தான்.

"சூசை, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

நாக்கு ஒரு சொல்லிலும் குழறவில்லை. பிள்ளையின் தலையில் ஒரு தரம் ஊற்றினான். இரண்டாம் தரம். மூன்றாம் தரம்.

அப்போதுதான் அவள் கை எழுந்தது. ஓங்கி அவன் கன்னத்தில் அறைந்தாள்.

"சாராயத்தையா ஊத்துற, பாவி?"

பாட்டில் கீழே விழுந்து உருண்டது. நர்ஸ் எடுத்து முகர்ந்து பார்த்தாள். தண்ணீர்தான் என்றாள்.

கலந்து குடிக்க வைத்திருந்த தண்ணீர். இன்னும் கலக்கவில்லை, அவ்வளவுதான்.

ஃபெர்ரி வந்து சேர்ந்தபோது அவர்களுக்கு அக்கரையில் வேலை இல்லாமல் போயிருந்தது.

மறுநாள் அடக்கத்துக்கு முன், ஃபாதர் கோவில் பதிவேட்டைத் திறந்துவைத்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தண்ணீர் ஊற்றியாயிற்றா, வார்த்தை சொல்லியாயிற்றா. அப்படியானால் ஞானஸ்நானம் செல்லும், கோவில் முறைப்படியே அடக்கம் என்றார். மணி உண்டு, பாட்டு உண்டு, வெள்ளைத் துணி உண்டு. வியாகுலம் அப்போதுதான் வாய்விட்டு அழுதான்.

பேனாவைப் பதிவேட்டின் மேல் வைத்தபடி, கொடுத்தது யார் என்று ஃபாதர் கேட்டார்.

அவளிடம் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"நான்தான் ஃபாதர்" என்றாள் ஆக்சிலியா.

அவளுக்குப் பின்னால் டெர்வின் நின்றிருந்தான். கன்னத்தில் அவள் விரல்கள் இன்னும் தெரிந்தன. அன்று அவனிடம் வாடையே இல்லை.

"ஆமா ஃபாதர், மைனிதான். நான் பக்கத்துலதான் நின்னேன்."

அந்த நசுங்கிய டம்ளர் இப்போது வீட்டில் இல்லை. டெர்வினுக்கும் மற்றவர்களுடைய டம்ளர்தான்.

பதிவேட்டில், சூசை என்ற பெயருக்கு நேரே, கொடுத்தவர் என்ற கட்டத்தில், ஃபாதரின் குண்டு குண்டான எழுத்தில் இன்றும் இருக்கிறது: ஆக்சிலியா, தாய்.