பாதி வார்த்தை

"அப்பா என்ன பண்றார்?"

"லா… லா…"

"லாயரா? சூப்பர்," என்றார் ஸ்ரீகாந்த்.

லாரி ஓட்டுகிறார் என்று சொல்ல வந்த கிருஷ்ணப்பிரியா வாயை மூடிக்கொண்டாள். இல்லையென்று மறுத்தால் மறுபடியும் அந்த 'லா'வில் இருந்து தொடங்க வேண்டும். அதற்கு அப்பா வக்கீலாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தலையாட்டினாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. எழுத்துத் தேர்வில் தேறியவர்களைக் கூப்பிட்டுப் பேசி, எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற அதிகாரி ஸ்ரீகாந்த். நல்ல மனிதர். எதிரில் ஒருவர் கஷ்டப்பட்டால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். வாயில் இருக்கும் வார்த்தையைக்கூடத் தானே இறக்கி வைத்துவிடுவார்.

"ஹாபி?"

"க… க…"

"கர்நாடக சங்கீதம். முகத்தைப் பார்த்தாலே தெரியுதே."

கபடி. அவள் ஊரான கோவில்பதாகையின் மைதானத்தில் மூச்சு விடாமல் அவள் வாயில் உருளுகிற வார்த்தை. ஏசி அறையில், ஒருத்தர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, நகர மாட்டேன் என்றது.

"சரி, இந்த வேலை ஏன் உங்களுக்குப் பிடிச்சிருக்கு?"

"த… த…"

"தன்னம்பிக்கை வளரும்னு சொல்றீங்க. நல்ல பதில்."

தப்பைக் கண்டுபிடிக்கப் பிடிக்கும் என்பதுதான் அவள் பதில். வேலையும் அதுதான். கம்பெனி தயாரிக்கிற ஆப்பில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடிப் பிடித்து எழுதித் தர வேண்டும். எழுதித்தான் தர வேண்டும், பாடிக் காட்ட வேண்டியதில்லை.

ஸ்ரீகாந்த் பேனாவை மூடினார்.

"ஓப்பனா சொல்லிடறேனே. டெஸ்ட்ல நீங்கதான் முதல் மார்க். ஆனா கம்யூனிகேஷன் ரொம்ப வீக். இப்பப் பாருங்க, எல்லாத்தையும் நானே சொல்ல வேண்டியிருக்கு."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"டென்ஷன் ஆகாதீங்க. இது வெறும் பயம். பயத்தை விட்டீங்கன்னா திக்கறது தானா நின்னுடும். தினமும் கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பழகுங்க."

கண்ணாடி முன்னால் அவள் திக்கியதே இல்லை. கண்ணாடி அவளுக்காக எந்த வார்த்தையையும் முடித்து வைத்ததும் இல்லை.

ஆவடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தாள். பேச்சு வந்தபோதே திக்கலும் கூட வந்துவிட்டது. அப்போதெல்லாம் பயம் கிடையாது. திக்கித் திக்கியே தெரு முழுக்க வம்பளந்து திரிந்தவள். பயம் ஆறாம் வகுப்பில் வந்தது. பாடம் வாசிக்க எழுந்து நின்றவளைப் பார்த்து வகுப்பே சிரித்தது. டீச்சரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்றிலிருந்து, வாயைத் திறக்கும் முன்பே எதிராளி முகத்தைப் பார்க்கிற வழக்கம் வந்தது. முகத்தைப் பார்த்ததும் திக்கல் இன்னும் கூடியது. இப்போது எதனால் எது என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்ரீகாந்துக்கு மட்டும் பத்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

வீட்டில் அம்மா சரசா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இன்னாடி சொன்னாங்க?"

உதட்டைப் பிதுக்கினாள்.

"போவுது உடு. கை கழுவிகினு வா, சாப்டலாம்."

மறுவாரம் போன் அடித்தது. வழக்கமாக அம்மா கையில் கொடுத்துவிடுவாள். அம்மா கடைக்குப் போயிருந்தாள். கம்பெனி நம்பர். ஒருவேளை மனசு மாறியிருப்பார்களோ என்று எடுத்தாள்.

"கிருஷ்ணப்பிரியா, ஸ்ரீகாந்த் பேசறேன். ஒரு நல்ல விஷயம்."

"வே… வே…"

வேலையா என்று கேட்க வந்தாள்.

"வேன் அனுப்பிடறேன், அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. வெள்ளிக்கிழமை நம்ம ஆபீஸ்ல ஒரு ஃபங்ஷன். 'எல்லாருக்கும் இங்கே இடம் உண்டு'ன்னு தலைப்பு. குறை இருக்கறவங்களையும் நம்ம கம்பெனி எப்படி அரவணைக்குதுன்னு எம்.டி. முன்னால காட்டணும். உடனே உங்க ஞாபகம்தான் வந்தது. மேடையேறி ஒரு பத்து நிமிஷம் பேசணும். அன்னிக்குப் பேசின மாதிரியே பேசுங்க, அப்பத்தான் கேக்கறவங்க கண் கலங்குவாங்க. சால்வை, கேடயம் எல்லாம் உண்டு."

கிருஷ்ணப்பிரியா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"மு… மு…"

"முடியும்னுதானே? தெரியும் எனக்கு. பேனர்ல பேர் போடச் சொல்லிடறேன்."

இந்தத் தடவை அவள் தலையாட்டவில்லை. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, வார்த்தை வரும்வரை நின்றாள். அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ" என்றார். அவள் அவசரப்படவில்லை.

"முடி… யா… து."

ஸ்ரீகாந்த் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏங்க, மேடைன்னா பயமா?"

"ப… பயம்தான் சார். ஆனா அதுக்காக இல்ல. வெ… வெள்ளிக்கிழமை எனக்கு…"

ஸ்ரீகாந்த் எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை. அவளே சொல்லி முடித்தாள்.

"வே… வேலை தேடணும்."