இன்னிக்கு என்ன கிழமை?

"இன்னிக்கு செவ்வாய்க்கிழமை. காத்து பலமா இருக்கும், சின்னப் படகுங்க வெளியே போக வேண்டாம்" என்று மைக்கில் சொன்னார் தீவு ரேடியோவின் அறிவிப்பாளர் அம்மா.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற புது நிர்வாகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று புதன்கிழமை!

அம்மா பாட்டைப் போட்டுவிட்டு நிமிர்வதற்குள் போன் அடித்தது. நிர்வாகியே எடுத்தார்.

"புதன்! புதன்கிழமை! அந்தம்மா வீட்டுல காலண்டரே கிடையாதா? ரேடியோவாம் ரேடியோ!"

டொக்கென்று வைத்தாயிற்று.

"யாரும்மா இந்த ஆளு?"

"கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துல இருக்காரே, ரிட்டயர்டு படகு மெக்கானிக். தினமும் திட்டுவார் சார்" என்று சிரித்தார் அம்மா.

"தினமும் தப்பு பண்ணினா திட்டாம கொஞ்சுவாங்களா? நேத்து பாட்டு எந்தப் படம்னு மாத்திச் சொன்னீங்க. இந்தத் தீவே நம்மளை நம்பித்தான் படகு எடுக்குது. நாளைலேர்ந்து நானே படிச்சுக்கறேன். நீங்க வர வேண்டாம்."

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. "காத்து, மழை, படகு நேரம், இதுல எல்லாம் நான் ஒரு நாளும் தப்பு விட்டதில்லை சார்."

நிர்வாகி காதில் போட்டுக்கொள்ளவில்லை. வந்ததிலிருந்தே அவர் அப்படித்தான், கடுகடு. குடும்பம் அக்கரையில். நிலையத்துக்குப் பின்னாலிருந்த அறையில் தானே சமைத்து, தானே சாப்பிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். மனைவியின் போன்கூட "சாப்பிட்டீங்களா, சரி"யோடு முடிந்துவிடும். இன்னும் கொஞ்சம் பேசேன் என்று தொண்டை வரை வரும். கேட்க மாட்டார்.

மறுநாள் அவரே படித்தார். ஒரு பிசிறு இல்லை. முடித்துவிட்டுப் போனைப் பார்த்தார். அது வாயே திறக்கவில்லை. 'பார்த்தீங்களா!' என்று பெருமையடித்துக்கொள்ளவும் பக்கத்தில் ஆளில்லை.

கொஞ்ச நேரத்தில் அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சார், மெக்கானிக் போன் பண்ணினாரா?"

"எதுக்குப் பண்ணணும்? தப்பே விடலையே நான்."

"ஐயோ, போங்க சார்! தனிக்கட்டை மனுஷன். போன வருஷம் வழுக்கி விழுந்து, ஏன்னு கேட்க நாதியில்லாம ராத்திரி பூரா கிடந்தார். அதுலேர்ந்துதான் தினம் ஒரு தப்பு விடறேன். திட்டு விழுந்தா ஆள் நல்லா இருக்கார்னு அர்த்தம். சும்மா கூப்பிட்டு உடம்பு எப்படின்னு கேட்டா, நான் என்ன நோயாளியான்னு எரிஞ்சு விழுவார்."

நிர்வாகி போனைத் தன் பக்கம் இழுத்தார். அவசர அவசரமாக எண்ணைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்பாடா, எடுத்துவிட்டார்!

"நான்தாங்க பேசறேன்" என்றார் அம்மா.

"ஏம்மா, எங்கே போய்த் தொலைஞ்சே? உன் குரலைக் காணோமேன்னு பதறிப்போய், அங்கே வரலாம்னு செருப்பை மாட்டிட்டு நிக்கிறேன்!"

"ஒண்ணுமில்லைங்க. உங்க திட்டைக் காணோமேன்னுதான்..."

"கிழமை தெரியாதவளா நீ? எனக்குத் தெரியாதாக்கும்! வீட்டுக்காரர் போனப்புறம் பேச்சுத்துணை இல்லாம, வேணும்னே தப்பு விடறே. சரி, நாலு வார்த்தை திட்டினா உனக்கும் பொழுது போகுமேன்னுதான் நானும் போன் பண்றேன்."

அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிர்வாகிக்கு அவரை ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை. "நாளைலேர்ந்து நீங்களே படிங்கம்மா" என்று முணுமுணுத்தார்.

"ஆமா, இன்னிக்குப் படிச்சாரே, அது யாரு?" என்றது போன். "பாவம், அந்தக் குரலைக் கேட்டாலே தெரியுது, அவருக்கும் பேச ஆளில்லை. நாளைக்கு அவரையும் ஒரு தப்பு விடச் சொல்லும்மா. நான் திட்டறேன்."