மணி அடிப்பதற்குள்

சாம்பவன் ஸ்ட்ரைக்கரை எடுத்துச் சட்டையில் துடைத்தான். துடைத்ததையே திருப்பித் துடைத்தான்.

எதிரே அஜந்தா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள். அடுத்தது பவுடர் என்று நினைத்தாள்.

அவன் பவுடர் டப்பாவை எடுத்தான்.

நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபம். வாசலில் கழற்றிவிட்ட சப்பாத்துகள் பனி உருகிய தண்ணீரில் ஊறிக் கிடந்தன. உள்ளே வருடாந்தக் கரம்போர்ட் போட்டியின் அரையிறுதி நடந்துகொண்டிருந்தது. ஆண்களோடு ஆட வந்த ஒரே பெண் அஜந்தா.

புள்ளியில் சாம்பவன் முன்னே நின்றான். நேரம் முடிந்து மணி அடிப்பதற்குள் இந்தக் கடைசி ஆட்டத்தை அவள் முடித்தால் வெற்றி அவளுக்கு. முடியாமல் மணி அடித்துவிட்டால் அவனுக்கு. பலகையில் அவள் போட வேண்டியது சிவப்பும் ஒரே ஒரு வெள்ளையும்தான்.

அதனால் அவனுக்கு அவசரமே இல்லை. காலையில் ஆற்றுக்கு அக்கரைப் புரோசார்டிலிருந்து வரும்போதே பாலத்தில் நெரிசல் என்று சொல்லித் தாமதமாக வந்தவன். இப்போது பலகை ஒரு பக்கம் சரிகிறது என்று குனிந்து மேசைக்காலைப் பார்த்தான். ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்பான். இவனுக்கோ நன்றாகவே ஆடத் தெரியும். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

எல்லாம் சிரித்த முகத்தோடு. போன வருடம் பண்பான ஆட்டக்காரர் என்று கேடயம் வாங்கியவன் அல்லவா? யாரும் வாய் திறந்து குறை சொல்ல முடியாதபடி நேரத்தைத் தின்பான்.

ஒரு அடிக்குப் பதினைந்து வினாடி என்பது விதி. நடுவர் மரியதாசனுக்கும் அது தெரியும். ஆனால் பூனைக்கு யார் மணி கட்டுவது? சீட்டுக் குலுக்கியதில் இந்த இரண்டு பெயரும் சேர்ந்து விழுந்தபோதே மண்டபம் கப்சிப் ஆகிவிட்டது. மரியதாசன் அவளிடம் தனியாக வந்து, வேண்டாமென்றால் சீட்டை மாற்றிப் போடுகிறேன் தங்கச்சி என்றார். எதற்கு மாற்ற வேண்டும் என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

வெல்வதும் தோற்பதும்கூட அவளுக்கு இரண்டாம் பட்சம். ஆட்டம் முடிய வேண்டும். இழுபட்டு, மணி அடித்து, அரைகுறையாகக் கலையக் கூடாது.

சாம்பவன் ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தான். எடுத்தான். திரும்ப வைத்தான்.

"ஒண்டு," என்றாள் அஜந்தா, எல்லோருக்கும் கேட்க.

தலைகள் திரும்பின. அவள் நிறுத்தவில்லை. மரியதாசன் ஏதோ சொல்லக் கையை உயர்த்தினார். அவள் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினாள். அவர் கையை இறக்கிவிட்டார்.

பதின்மூன்றில் சாம்பவன் அடித்தான். காய் குழியின் விளிம்பில் முட்டித் திரும்பியது.

அவள் சிவப்பைக் குறிவைத்தாள். தவறியது. ஆனாலும் கடிகாரத்தின் பக்கம் திரும்பவில்லை.

அவன் கண்ணாடியைக் கழற்றினான். இனி அதைத் துடைக்கக் கைலேஞ்சி எடுப்பான் என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டான்.

அவள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

இந்த முறை, குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த அக்னெஸ் அக்கா கரண்டியோடு வெளியே வந்து இரண்டைச் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்ற பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். எட்டு, ஒன்பது என்று வரும்போது பாதி மண்டபம் எண்ணியது. முதல் சுற்றிலேயே தோற்றுப்போய்த் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஆண்களும்தான்.

சாம்பவன் கண்ணாடியைக் கோணலாக மாட்டிக்கொண்டு அவசரமாக அடித்தான். காய் அசையவில்லை. ஸ்ட்ரைக்கர் நேரே போய்க் குழிக்குள் விழுந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

அஜந்தா துடைக்கவும் இல்லை, ஊதவும் இல்லை. அடித்தாள். சிவப்பு விழுந்தது. பின்னாலேயே கடைசி வெள்ளையும் விழுந்தது.

மணி அதற்குப் பிறகுதான் அடித்தது.

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. சாம்பவன் எழுந்தான். கழன்றுபோன சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, விளையாட்டில் வெற்றி தோல்வி சகசம் என்று நாலு பேருக்குக் கேட்கச் சொன்னான். கையையும் நீட்டினான்.

அவள் அந்தக் கையைப் பிடித்தாள். விடவில்லை.

"அப்ப செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்கும் இப்பிடிச் சிரிச்சுக்கொண்டு வாங்கோ. பாலத்திலை நெரிசல் எண்டு இன்னொரு தவணை கேக்காதேங்கோ, இப்ப ரயில் ஓடுது. மூண்டு வருசமா இழுத்தது காணும், டிவோர்ஸை முடிச்சுத் தாங்கோ. வருவியளோ?"

கைதட்டல் நின்றது. புருசன் பெண்சாதி விவகாரம் என்று இத்தனை நாளும் பார்க்காத மாதிரி இருந்தவர்கள் எல்லோரும் இப்போது சாம்பவனையே பார்த்தார்கள்.

அவன் மற்றக் கையால் மெல்லக் கண்ணாடியைக் கழற்றினான்.

"ஒண்டு," என்றாள் அஜந்தா.

குசினிப் பக்கமிருந்து இரண்டு வந்தது.

மூன்றைச் சொன்னவர் மரியதாசன்.