ஏழாம் மண்டலத்தின் ரத்துக் கடிதம்

தலைநகரின் ஏழாம் மண்டலத்தைக் கலைத்து மூன்றாம் மண்டலத்தோடு சேர்த்து முப்பது வருடமாகிறது. ஆனால் தையல்காரியின் ஐந்து வயது மகளின் பிறப்புச் சான்றிதழில் ஏழாம் மண்டல முத்திரைதான் இருந்தது.

“இல்லாத ஆபீஸ்ல எப்படிம்மா வாங்கினீங்க? செல்லாது,” என்றார் மூன்றாம் மண்டல குமாஸ்தா.

“பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்க்க இன்னிக்குத்தான் சார் கடைசி நாள்! வேற போட்டுக் குடுங்க. நாலு நாளா அலையறேன், செருப்பு தேஞ்சதுதான் மிச்சம்.”

“ஒரே பிள்ளைக்கு ரெண்டு சான்றிதழ் கிடையாது. பழசை ரத்து பண்ணி ஏழாம் மண்டலத்துலேர்ந்து கடிதம் கொண்டாங்க.”

“இல்லாத ஆபீஸ்லேர்ந்தா?”

“விதி அப்படி. கோபப்பட்டா மாறுமா?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனவள், கால் மணி நேரத்தில் திரும்பி வந்து கடிதத்தை மேசையில் ஓங்கி அடித்தாள்.

“இந்தாங்க. அங்க இருக்கறவங்க உங்கள மாதிரி இல்ல. உட்காரச் சொல்லி எழுதிக் குடுத்தாங்க.”

முத்திரையின் ஈர மை குமாஸ்தாவின் கட்டைவிரலில் ஒட்டியது. ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. புதிய சான்றிதழை எழுதிக் கொடுத்தார்.

“உங்களுக்கும் ஒண்ணு குடுத்தாங்க,” என்று அவள் ஓர் உறையை வீசிவிட்டு நடந்தாள்.

உறைமேல் அவர் பெயர். உள்ளே இடமாற்ற உத்தரவு: திங்கள் காலை ஏழாம் மண்டலத்தில் பணியில் சேரவும்.