கடிகாரம் வட்டமான பிறகு

கணினிக்குப் புதிதாக வாங்கிய அகலத்திரையில் அம்மா பருமனாகத் தெரிந்தாள். நோயில் மெலிந்துபோன அம்மாவோடு நான் நிற்கும் கடைசிப் படம் அது. பின்னால் சுவர்க்கடிகாரமும் முட்டை வடிவமாகியிருந்தது.

மாலைக் கணினி வகுப்பில், படத்தில் அம்மா ஏன் குண்டாகத் தெரிகிறாள் என்று கேட்டேன்.

"அதுக்காக அம்மாவப் பட்டினி போட்டுடாதம்மா! திரையோட அளவு, அதான் ரெசல்யூஷன், அத மாத்து. கடிகாரம் வட்டமாச்சுன்னா எல்லாம் சரியாயிடும்," என்றார் ஆசிரியர். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா இறந்ததை அங்கே யாரிடமும் நான் சொன்னதில்லை.

வீட்டில் மாற்றினேன். கடிகாரம் வட்டமானது. அம்மா மெலியவில்லை. நான்தான் ஏதோ தப்பாகச் செய்திருப்பேன் என்று அளவுகோல் வைத்துப் பார்த்தேன். கடிகாரம் குறுக்கும் நெடுக்கும் ஒரே அளவு. அம்மாவின் கன்னத்தில் நோய்க்கு முந்தைய சதை இருந்தது. பக்கத்தில், அன்று நல்ல உடம்போடு இருந்த நான் எலும்பும் தோலுமாக நின்றேன்.

அளவுகோலைக் கீழே வைத்தபோது எப்போதும் இறுக்கமாக இருக்கும் வளையல் கையிலிருந்து தானாகக் கழன்று விழுந்தது. அதை எடுத்து மேசையில் வைத்தேன். படத்தை அப்படியே விட்டுவிட்டேன்.