நாலாவது தோசை

நித்யஸ்ரீ நாலாவது தோசைக்குச் சொன்னபோது, மேஜையில் மற்ற எல்லோரும் கை கழுவி முடித்திருந்தார்கள்.

பெண் பார்க்க வந்த இடம், கோவையில் ஒரு சைவ ஹோட்டல். மாப்பிள்ளை வீடு சென்னிமலை, பெண் வீடு மதுக்கரை. வீட்டுக்கு வந்து பஜ்ஜி தின்றுவிட்டு வேண்டாம் என்று சொல்வதைவிட, இப்படிப் பொதுவில் பார்த்துக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் கௌரவம் என்று ஏற்பாடு.

"போதுங் கண்ணு" என்று பெண்ணின் அம்மா மேஜைக்கடியில் மகளைக் கிள்ளினார்.

"பசிக்குதும்மா" என்றாள் நித்யஸ்ரீ. எல்லோருக்கும் கேட்டது.

மாப்பிள்ளை மதன்குமாரின் தாய்மாமன் பாலுசாமி சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங் கண்ணு, நெய் வேண்டாம், தயிர் வேண்டாம்னு சொன்னப்ப ஏதோ டயட்டுன்னு நெனச்சேன்."

"பால்ல வர்ற எதுவும் எடுத்துக்கறதில்லீங்க. பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சருங்க நான், நாள் பூரா வெயில்ல ஓட்டம். பருப்பு, தானியம், காய்லயே அதுக்கு வேண்டிய கலோரி வரோணும்னா இத்தனை சாப்பிட்டாத்தானுங்க ஆகும்."

கூச்சமே இல்லாமல் சொல்லிவிட்டு, சுண்டல் கிண்ணத்தையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

மதன்குமாருக்கு அங்கேயே பிடித்துவிட்டது. அம்மா பொற்கொடியைப் பார்த்தான்.

அவர் அந்தப் பெண்ணின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் இறுகிக் கிடந்தது. சட்டென்று எழுந்து கை கழுவப் போனார். ஏற்கெனவே கழுவிய கைதான். திரும்பி வர ரொம்ப நேரமானது.

பெண்ணின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தச் சம்பந்தமும் போச்சு.

"போயிட்டுத் தகவல் சொல்றமுங்க" என்று பாலுசாமி எழுந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியாதா?

கார் அவிநாசியைத் தாண்டியது. பாலுசாமிதான் தங்கையிடம் ஆரம்பித்தார்.

"கல்யாணத்தப்ப அரிசி மூட்டையையும் கூடவே அனுப்பச் சொல்லோணும் அம்மணி. பொண்ணுன்னா சபையில ஒரு அடக்கம் வேண்டாமா?"

"எனக்குப் புடிச்சிருக்குங்க மாமா" என்றான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மதன்குமார், மெதுவாக. "அம்மா சரின்னா..."

"உங்கம்மா மூஞ்சியப் பார்த்தீல்ல? இன்னும் என்ன கேக்கறே?"

"சரின்னு தகவல் சொல்லிப்போடுங்கண்ணா" என்றார் பொற்கொடி. "அந்தப் புள்ளைதான் நம்மூட்டுக்கு."

பாலுசாமி திரும்பிப் பார்த்தார். "என்ன அம்மணி சொல்றே? நம்ம கீதாவ எப்படி வளர்த்தே? பெருந்துறைக்குக் கட்டிக் குடுத்தமே, திங்கற விசயத்துல மாமியாகிட்ட ஒரு சொல்லு வாங்கியிருப்பாளா உன்ற மக?"

"வாங்கலீங்கண்ணா."

பொற்கொடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 

"கீதா அஞ்சாம் மாசத்துல மயங்கி உழுந்துட்டா, கொழந்தை தங்கலைன்னு மட்டுந்தான் உங்ககிட்டச் சொன்னேன். டாக்டரம்மா சொன்னத யாருகிட்டயும் சொல்லல. சைவத்துல ஒரு குறையும் இல்லையாம். இவ உடம்புக்கு வேண்டியதுல பாதி கூடத் திங்கலையாம்."

மதன்குமார் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"அத்தனை பெரிய ஊட்டுல, சமைக்கறவளே நீதான், எதுக்குக் கண்ணு பசியோட கெடந்தேன்னு கேட்டனுங்கண்ணா. 'போற ஊட்டுல ரெண்டு தோசையோட எந்திரிச்சுக்கோணும்னு நீங்கதானம்மா சொல்லி அனுப்புனீங்க'ங்கறா."