முதல் பதிப்பு கிடைத்த இடம்

மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றியதும் மாசிலாமணியின் செயற்கைக் காது அடியோடு அடைத்துப்போனது. பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்காக எழுதிய பழைய இயங்குதளத்தின் முதல் பதிப்பு இருந்தால்தான் அது மறுபடி கேட்கும். அதைத் தேடி அவன் மனைவி யசோதை பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்குப் போனாள்.

"வெளியீட்டு விழா போட்டோ எல்லாம் இருக்கும்மா. அமைச்சருக்குப் போட்ட பொன்னாடையைக்கூட பத்திரமா வச்சிருக்கோம்" என்றார் இயக்குநர், பெருமையாக.

"சாஃப்ட்வேர் சார்?"

"அதை யாரு கேக்கப் போறாங்கன்னு விட்டுட்டோம்."

"அப்ப பொன்னாடையைக் குடுங்க. என் வீட்டுக்காரர் காதுல சுத்தி விடுறேன்."

அலைந்து திரிந்து, கடைசியில் பேருந்து நிலையக் கழிப்பறையில் கண்டுபிடித்தாள். கதவைத் தானாகப் பூட்டித் திறக்கும் பெட்டிக்குள் அது ஒரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு பிரதியெடுத்து வந்து காதில் ஏற்றினாள்.

"கேக்குதா?"

"நல்லா கேக்குது! எங்க இருந்துச்சு?"

"நம்ம ஊர்ல அதுக்கு மரியாதை இருந்த ஒரே இடத்துல."